மோனோபாட்டைத் தடுக்காதீங்க, வழியை மறிக்கிறதைத் தடுங்க

ஓம் சரவணபவ.



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. படிச்சிட்டுத் திட்டணும்னா திட்டுங்க, பரவாயில்லை. பாதியில் நிறுத்திட்டுத் திட்டாதீங்க.

போன தைப்பூசத்தில் நடந்ததைத்தான் முதலில் சொல்லணும். ஜொகூரில் எந்தக் கோவில்னு பெயர் சொல்ல மாட்டோம். கோவிலுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது எங்கள் நோக்கம் இல்லை. தப்பு செய்ததில் நாங்களும் சேர்த்தி.

அன்றைக்குக் காலையில் வாசலில் எங்கள் தொண்டூழியர் படை நின்றது. நிர்வாகம் ஒரு தாள் அடித்துக் கொடுத்திருந்தது. அதில் ஒரு வரி: "மோனோபாட் அனுமதி இல்லை." அவ்வளவுதான். ஒரு தம்பி வந்தார். இருபத்தஞ்சு வயசு இருக்கும். கழுத்தில் கேமரா, அதில் கையளவு நீளத்துக்குப் பெரிய வெள்ளை லென்ஸ், கையில் மடக்கி வைத்த ஒத்தைக் கால் கம்பி. தாளில் இருப்பதைப் பார்த்தோம், தம்பியை நிறுத்தினோம். "இதை காடியில வச்சிட்டு வாங்க தம்பி" என்றோம். "அண்ணே, இது வெயிட்டு தாங்குறதுக்கு மட்டும்தான், யாரையும் இடிக்காது" என்றார். "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்று சொல்லிட்டோம். அந்தத் தம்பி ஒண்ணும் எதிர்த்துப் பேசவில்லை. போய் வைத்துவிட்டு வந்தார்.

இது நடந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. காவடி வரும் பாதையின் நடுவில், நிர்வாகமே ஏற்பாடு செய்த வீடியோக்காரர் மூணு காலையும் அகல விரித்து டிரைபாட் போட்டு நின்றார். அவர் கழுத்தில் பாஸ் தொங்கியது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பால்குடம் எடுத்து வந்த ஒரு அம்மா, அறுபது வயசுக்கு மேல், 48 நாள் விரதம் இருந்தவர், அந்த டிரைபாட் காலில் தட்டி விழுந்தார். முட்டியில் ரத்தம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தரையில் ஓடின பாலைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முருகா, நான் என்ன பாவம் செஞ்சேன்" என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் எங்கள் காதில் இருக்கு.

அம்மா, நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. பாவம் செய்தது நாங்கள். ஒத்தைக் காலைத் தடுத்துட்டு மூணு காலை உள்ளே விட்டவர்கள் நாங்கள்.

அதனால்தான் இதை எழுதுறோம். வரப்போற பங்குனி உத்திரத்துக்கும் அதே தாளையே அடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டோம். இந்த முறை தாளை வாங்கும் முன்னே பேசிடணும்னு முடிவு பண்ணியிருக்கோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். இந்தத் தடைக்கு மூல காரணமே அதுதான்னு நினைக்கிறோம். நம்ம நாட்டில் 2014, 2015 வாக்கில் செல்ஃபி குச்சி புதுசா வந்தப்போ, பசார் மாலாம் கடைகளில் எல்லாம் அதை "மோனோபாட்" என்றுதான் விற்றாங்க. கைப்பேசியை நுனியில் மாட்டி, மத்தவங்க தலைக்கு மேலே நீட்டிப் படம் எடுக்கிற குச்சி. அதே வருஷம், 2015-ல், அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களே அந்தக் குச்சியை உள்ளே கொண்டு வரக்கூடாதுன்னு தடை போட்டாங்க. நியாயமான தடை. நம்ம கோவில்களிலும் அதைப் பார்த்துத்தான் "மோனோபாட் கூடாது" என்று எழுதினாங்க. எழுதினவங்க மனசில் இருந்தது செல்ஃபி குச்சி.

ஆனால் உண்மையான மோனோபாட் வேற சாமான். அது மேலே நீட்டுகிற குச்சி இல்லை, கீழே ஊன்றுகிற கால். தாத்தா கையில் வைத்திருக்கும் ஊன்றுகோல் மாதிரி. கேமரா மேலே, கம்பி கீழே, நுனி தரையில். எடுப்பவரின் ரெண்டு காலுக்கு நடுவிலோ, அரை அடி முன்னாலோ நிற்கும். அவர் நிற்கிற இடத்தைத் தவிர வேற இடம் அதற்குத் தேவையே இல்லை.

இன்றைக்கு வாசலில் என்ன நடக்குது? செல்ஃபி குச்சியை இப்போ யாரும் மோனோபாட்னு சொல்றதில்லை. அதனால் செல்ஃபி குச்சி தாராளமா உள்ளே போகுது, ரதத்துக்குப் பக்கத்தில் ஈட்டி மாதிரி ஆடுது. நிஜ மோனோபாட் கொண்டு வந்தவர் மட்டும் "மோனோபாட்" என்று உண்மையைச் சொல்லி மாட்டிக்கிறார். உண்மை பேசினவனுக்குத் தண்டனை, இதுதானா நம்ம கோவில் நியாயம்?

சரி, அந்தத் தம்பிக்கு எதுக்கு அந்தக் கம்பி? கேமரா தெரியாதவங்களுக்காகச் சொல்றோம். நாங்களும் அந்தத் தம்பியிடமே பிறகு உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற லென்ஸ்களில் 70-200 என்று ஒன்று உண்டு. திருவிழா, கல்யாணம் எடுக்கிறவங்க நிறையப் பேர் வைத்திருப்பது அதுதான். வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கக்கூடிய வகை என்றால் லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை கிலோ. கேமராவோடு சேர்த்தால் ரெண்டு கிலோவைத் தாண்டிடும். 150-600 என்று இன்னும் நீளமானது இருக்கு, அது தனியாகவே ரெண்டு கிலோ பக்கம். ஒரு பால்குடத்தைத் தலையில் வைக்காமல், கண்ணுக்கு முன்னால் ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் நில்லுங்கள் பார்ப்போம். பால்குடம் எடுக்கிறவங்களுக்காவது தலை தாங்குது.

கை தளர்ந்தால் லென்ஸ் ஆடும். லென்ஸ் எவ்வளவு தூரத்தை இழுத்துக் காட்டுகிறதோ, அந்த ஆட்டத்தையும் அவ்வளவு பெருசாக்கிக் காட்டும். அதுக்கு அவங்க தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்காங்க. லென்ஸ் 200 என்றால் கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் 200-ல் ஒரு பங்காவது வேகமாக மூடணும், 600 என்றால் 600-ல் ஒரு பங்கு. அதுக்குக் கீழே போனால் கையில் பிடித்து எடுத்த படம் கலங்கிப் போகும். இரவு ரதப் புறப்பாட்டில், விளக்கு வெளிச்சத்தில், அந்த வேகத்துக்கு வெளிச்சம் பத்தாது. கம்பியை ஊன்றினால் 50-ல் ஒரு பங்கு வரைக்கும் இறங்கி, அலங்காரத்தில் நிற்கும் சுவாமியைக் கலங்காமல் எடுக்கலாம்னு அந்தத் தம்பி சொன்னார்.

எங்களில் பாதிப் பேர் தொழிற்சாலையில் வேலை செய்றவங்க. படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். ஆனால் முப்பது வருஷமா லைனில் நின்று ஒண்ணு கத்துக்கிட்டோம். துளை போடுற மெஷினில் சாமானைக் கையால் பிடித்தால் பத்துக்கு மூணு ரிஜெக்ட். அதே சாமானை ஜிக்கில் மாட்டினால் நூறும் ஓக்கே. ஆள் அதே ஆள்தான். பிடிப்புதான் வேற. மோனோபாட் என்பது லென்ஸுக்கு ஒரு ஜிக். அதில் வேற மர்மம் எதுவும் இல்லை.

"இப்போதான் லென்ஸுக்குள்ளேயே நடுக்கம் குறைக்கிற வசதி வந்துடுச்சே, எதுக்குக் கம்பி?" என்று கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார். நல்ல கேள்வி. அந்த வசதி நடுக்கத்தைக் குறைக்கும், உண்மை. எடையைக் குறைக்குமா? ரெண்டு கிலோ ரெண்டு கிலோதான். மூணாவது மணி நேரத்தில் தோள்பட்டை கேட்கும்போது எந்த வசதியும் கை கொடுக்காது. அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிடுறோம். உறுமி மேளத்துக்கு ஆடி வரும் காவடியை மோனோபாட் நிறுத்திக் கொடுக்காது. ஆடுகிற ஆளை நிறுத்த வேகமான ஷட்டர்தான் வேணும். அங்கே கம்பியின் வேலை எடையைத் தாங்குவது மட்டும்.

இனி எங்கள் முக்கியமான வாதத்துக்கு வர்றோம். இதை நிர்வாகம் தயவு செய்து யோசிக்கணும்.

பெரிய லென்ஸ் வைத்திருக்கிறவர் தள்ளி நிற்கிறவர். இருபது அடி, முப்பது அடி தூரத்தில் பந்தல் ஓரமா நின்றே, அலகு குத்தும்போது கண்ணை மூடி வேண்டுகிற பக்தரின் முகத்தை எடுத்துடுவார். அந்தப் பக்தருக்குப் படம் எடுக்கிறாங்கன்னே தெரியாது, வழிபாடு கலையாது. அவர் கையிலிருந்து நாம் கம்பியைப் பிடுங்கினால் என்ன ஆகும்? அந்த லென்ஸைத் தூக்க முடியாமல் கழற்றி வைப்பார். சின்ன லென்ஸை மாட்டுவார். சின்ன லென்ஸுக்கு முகம் பெருசா தெரியணும்னா மூணு அடிக்குள் போகணும். அதாவது அருள் வந்து நிற்கிறவர் மூஞ்சிக்கு முன்னாலேயே போய் நிற்பார். அந்தத் தம்பியும் அன்றைக்கு அப்படித்தான் உள்ளே போக வேண்டி வந்தது. நாமே பிடித்துத் தள்ளிவிட்டு, "கேமராக்காரனுங்க மரியாதை இல்லாம கிட்ட வர்றானுங்க" என்று நாமே மைக்கில் கத்துறோம்.

தள்ளி நின்று எடுக்க உதவுகிற சாமானைத் தடை செய்துவிட்டு, தள்ளி நில் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

"ஒரே நீளமான லென்ஸ் பெண்களைத் தப்பா எடுக்கவும் உதவுமே" என்று சில சகோதரிகள் கேட்டாங்க. அந்தப் பயம் நியாயமானது. அபிஷேக நீரில் நனைந்த சேலையோடு வருகிற நம்ம வீட்டுப் பெண்களை எவனாவது குறி வைத்து எடுத்தால், அவன் கையில் கம்பி இருந்தாலும் சரி, கைப்பேசி இருந்தாலும் சரி, நாங்களே வெளியே அனுப்புவோம். ஆனால் அது ஆளின் குணம், கம்பியின் குணம் இல்லை. சொல்லப்போனால் மோனோபாட் ஊன்றி நிற்கிறவர் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நிற்கிறார், அவரைக் கண்காணிப்பது சுலபம். பெயரையும் போன் நம்பரையும் எழுதி வாங்கிக்கொண்டு அட்டை கொடுங்கள். தப்பு செய்தால் அட்டையைப் பிடுங்குங்கள்.

இன்னொருத்தர் கேட்டது: "சாமி கும்பிட வர்றோமா, படம் எடுக்க வர்றோமா?" இதுக்கு ரெண்டு பதில்.

முதல் பதில்: கருவறைக்கு முன்னால் எந்தக் கேமராவும் வேண்டாம். இதில் நாங்கள் நிர்வாகத்தைவிடக் கண்டிப்பானவங்க. 2022 டிசம்பரில் திருச்செந்தூர் முருகன் கோவில் தொடர்பான வழக்கில், தமிழ்நாட்டுக் கோவில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யணும்னு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. கோவிலின் புனிதத்தையும் அமைதியையும் காப்பாற்றத்தான் அந்த உத்தரவு. நாங்கள் அதைக் கையெடுத்துக் கும்பிட்டு ஏத்துக்கிறோம். மூலவர் முன்னால் கண்ணால் பார்த்தால் போதும்.

ரெண்டாவது பதில் கொஞ்சம் மனசு வலிக்கிற பதில். ரத ஊர்வலம், காவடி, கும்பாபிஷேகம், இதுக்கெல்லாம் படம் வேணும். ஏன்னா நம்ம வரலாற்றுக்கு வேற சாட்சி இல்லை. எங்களில் பலர் ஜொகூர் தோட்டங்களில் பிறந்தவங்க. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. எங்கள் தோட்டத்துக் கோவில் இருந்த இடத்தில் இப்போ சாலை ஓடுது. சாமியை வேற இடத்துக்கு மாற்றிட்டோம், ஆனால் எங்கள் தாத்தாமார் பால் வெட்டின காசில் கட்டின அந்தப் பழைய கோபுரம்? ஒரே ஒரு படம் இருக்கு. அதுவும் கலங்கின படம். தீமிதியில் முன்னால் நிற்கிறது எங்கள் பாட்டியா, பக்கத்து லயத்துப் பாட்டியா என்று இன்றைக்கும் வீட்டில் சண்டை. முகம் தெரியலை. எடுத்தவர் கை நடுங்கியிருக்கு, அவ்வளவுதான் விஷயம்.

ஜொகூர் பாருவில் ராஜமாரியம்மன் தேவஸ்தானம் நூறு வருஷத்தைத் தாண்டி நிற்குது. ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலை உலகம் பூராவும் இருந்து வந்து பார்க்கிறாங்க. அது 1922-ல் சின்னக் கோவிலாகத் தொடங்கினது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டாங்க. அந்தச் சின்னக் கோவில் எப்படி இருந்ததுன்னு காட்ட நல்ல படம் எத்தனை பேர் வீட்டில் இருக்கும்? பெரிய கோவிலுக்கே இந்த நிலைமை என்றால் தோட்டத்துக் கோவிலை யார் நினைக்கப் போறாங்க? இன்றைக்குக் கலங்காமல் எடுக்கிற ஒரு படம், அம்பது வருஷம் கழித்து நம்ம பேரப்பிள்ளைகளுக்குப் பட்டா மாதிரி.

"அப்போ டிரைபாட்டையும் விட்டுடலாமே, அது இன்னும் ஆடாதே" என்று கேட்கலாம். கூடாது. மூணு கால் விரிந்தால் மூணு அடி அகலம் போயிடும். கூட்டத்தில் யாரும் கீழே பார்த்து நடக்கிறதில்லை, அதுவும் தலையில் குடத்தோடு. ரதம் திடீரென்று திரும்பினால் டிரைபாட்டை மடக்கி எடுக்க நேரம் இருக்காது. மோனோபாட் என்றால் ஆள் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். காற்பந்து மைதானத்தின் கோட்டோரத்தில் பெரிய லென்ஸ் வைத்திருக்கும் பத்திரிகைக்காரங்களைத் தொலைக்காட்சியில் பாருங்க. ஒத்தைக் கால்தான் ஊன்றியிருப்பாங்க. தாஜ்மஹாலில் கேமரா கொண்டு போகலாம், டிரைபாட் விரிக்கத் தனி அனுமதி வேணும். பத்துமலையின் 272 படிகளில் டிரைபாட் போட்டால் மூணு காலும் மூணு உயரத்தில் நிற்கணும், பின்னால் வருகிற காவடிக்கு வழி எங்கே?

தொழிற்சாலையில் பாதுகாப்பு விதி எழுதும்போது நாங்கள் செய்வது ஒண்ணுதான். எதில் ஆபத்து இருக்குன்னு முதலில் பார்ப்போம், அதுக்கு விதி போடுவோம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையில் மஞ்சக் கோடு போடுவோம். கோட்டுக்குள்ளே யார் நின்றாலும் தப்பு, அது மேனேஜராக இருந்தாலும் சரி. மேனேஜருக்குப் பாஸ் கொடுத்தால் ஃபோர்க்லிஃப்ட் அவரைப் பார்த்து ஒதுங்கிப் போகுமா? கோவிலில் நாம் போட்ட விதியில் ஆபத்து எங்கே இருக்குன்னே பார்க்கலை. பொருளின் பெயரைப் பார்த்தோம், ஆளின் பாஸைப் பார்த்தோம். அந்த அம்மாவின் பால் தரையில் ஓடினது அதனால்தான்.

அதனால் நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது இதுதான். கருவறை மண்டபத்தில் எந்தக் கேமராவும் கூடாது. காவடி, ரதம் வரும் பாதையின் ரெண்டு பக்கமும் மஞ்சள் டேப் ஒட்டுங்கள், டேப்புக்கு உள்ளே டிரைபாட் கூடாது, நிர்வாகத்தின் வீடியோக்காரருக்கும் கூடாது. அவருக்கு ஓரத்தில் ஒரு மேடை போட்டுக் கொடுங்கள். செல்ஃபி குச்சி ரதத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். டேப்புக்கு வெளியே நின்று மோனோபாட் ஊன்றுவதை அனுமதியுங்கள். அந்தத் தாளிலும் "மோனோபாட்" என்ற ஒத்தைச் சொல்லை எடுத்துட்டு, எது கூடும் எது கூடாதுன்னு படம் போட்டு ஒட்டுங்கள். வாசலில் நிற்கும் பதினெட்டு வயசுத் தொண்டூழியருக்கும் புரியணும்.

படம் எடுக்கும் தம்பி தங்கச்சிகளே, உங்களுக்கும் சொல்லணும். உரிமை கேட்டால் கடமையும் உண்டு. கம்பியின் நுனியில் ரப்பர் இருக்கணும். ஆணி முனை உள்ளது கோவில் தரைக்கு ஆகாது, கழற்றிட்டு வாங்க. பெரிய லென்ஸ் என்றால் கேமராவின் அடியில் மாட்டாதீங்க, லென்ஸின் வளையத்தில் இருக்கிற பிடியில் மாட்டுங்க. அப்போதான் எடை நடுவில் நிற்கும், கேமரா வாயும் இழுபடாது. படம் எடுக்கும்போது காலை அகட்டி நின்று, கம்பியைக் கொஞ்சம் முன்னால் ஊன்றி, உடம்பை லேசாகச் சாய்த்தால் உங்கள் ரெண்டு காலும் கம்பியும் சேர்ந்து முக்காலி ஆகிடும். நடக்கும்போது கம்பியை மடக்கி, நிமிர்த்திப் பிடிங்க. தோளில் குறுக்கே போட்டுத் திரும்பினால் பின்னால் இருக்கிற குழந்தையின் நெற்றி உடையும். கம்பியைத் தரையில் ஊன்றிட்டுக் கையை மட்டும் எடுக்காதீங்க, அது தானா நிற்கிற சாமான் இல்லை. எடுத்த படத்தில் நல்லதாக இருபதைக் கோவிலுக்குக் கொடுங்க. அதுவும் ஒரு உபயம்தான்.

நாங்கள் யாருக்கும் எதிரி இல்லை. நிர்வாகத்தில் இருக்கிறவங்க ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறது எங்களுக்குத் தெரியும். ஆனால் தப்பான விதியை மரியாதைக்காகப் பேசாமல் தூக்கிக்கிட்டுத் திரிந்தால், அடுத்த முறை விழுகிறது நம்ம அம்மாவாக இருக்கும்.

அந்தத் தம்பியைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டோம். சிரித்துவிட்டு, கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். கம்பி இல்லாமல் கையில் பிடித்து எடுத்தது. அந்த அம்மா விழுந்த பிறகு, யாரோ ஒரு பக்தர் தன் குடத்திலிருந்து பாதிப் பாலை அவர் குடத்தில் ஊற்றிக் கொடுக்கிறார். அந்த அம்மா ரெண்டு கையும் கூப்பி நிற்கிறார். படம் லேசாகக் கலங்கியிருக்கு. பால் ஊற்றினவர் யார்னு முகம் தெரியலை. அவரைத் தேடி நன்றி சொல்லணும்னு அந்த அம்மாவின் பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

அந்தப் பக்தர் இந்தப் பதிவைப் படித்தால் தயவு செய்து எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள். மத்தவங்க உங்கள் ஊர் ஆலய நிர்வாகத்துக்கு இதைப் பகிருங்கள்.

வேலும் மயிலும் துணை.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டூழியர்கள், ஜொகூர்